பேனாவுக்காக விட்ட இடம்

அச்சுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

முதலில் என்னை மன்னிக்க வேண்டும். முப்பது வருடம் பிறர் எழுதியதை அச்செழுத்தில் கோத்தும் திருத்தியும் பழகியவன் நான். சொந்தமாக எதையும் எழுதியதில்லை. ஊரில் இருக்கும் தங்கைக்குக் கடிதம் போடுவதென்றால்கூட, நலம், நலமறிய ஆவல் என்பதற்கு மேல் எனக்குக் கை ஓடாது. பேச்சும் அப்படித்தான். எனக்கு நீங்கள் வைத்த பிரிவு விருந்தில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோது, எழுந்து கும்பிட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டதைப் பார்த்தீர்கள். அப்படிப்பட்டவன் உங்களுக்கு எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான்.

ஆனால் அன்று சாப்பிட்டு இலையை எடுக்கும்போது உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எனக்குச் சம்பளம் இருபது வெள்ளி, பக்கத்துல நிக்கிறவனுக்கு இருபத்தெட்டு. கை வேகத்துல அவன் எனக்குப் பாதிகூட இல்ல. அவன் ஆறாம் ஸ்டாண்டர்டு வரைக்கும் படிச்சானாம், நான் படிக்கலையாம். இது நியாயமாண்ணே?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகு அது சரியில்லை என்று தோன்றியது. எனக்கு வாயால் சொல்ல வராத பதிலை இங்கே எழுதப் பார்க்கிறேன். எழுத்தைப் பெட்டியிலிருந்து எப்படி எடுப்பது, மை எவ்வளவு தடவுவது என்பதெல்லாம் உங்களுக்கு இயந்திரக்காரர் சொல்லித் தருவார். நான் சொல்லப்போவது ஒரே ஒரு தாளைப் பற்றி.

அதற்கு முன்னால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் அப்பா துறைமுகக் கிடங்கு ஒன்றில் காவல்காரர். ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் என்னை ஐந்தாம் ஸ்டாண்டர்டு வரை படிக்க வைக்க அவரால் முடிந்தது. அதற்கு மேல் முடியவில்லை. சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் நம் அச்சுக்கூடத்தில் பன்னிரண்டு வெள்ளி சம்பளத்துக்குச் சேர்ந்தேன். புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தவர் சிங்கப்பூருக்குப் போனபோது, இருக்கிறவர்களில் ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவன் நான்தான் என்று அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். சம்பளம் முப்பத்தைந்து ஆனது. என்னோடு ஒரே பெஞ்சில் இருந்து ஏழாம் ஸ்டாண்டர்டும் அதற்கு மேலும் படித்தவன் பீச் ஸ்திரீட்டில் ஒரு கம்பெனியில் அறுபது வாங்கினான். அவனைத் தெருவில் பார்த்தால் நான் எதிர்ப்பக்கம் போய்விடுவேன். அவன் நல்லவன்தான். கூச்சம் என்னுடையது.

அந்தக் கூச்சத்தால் ஒரு வேலையும் கெட்டிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரத் துரை ஏல நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்திருந்தார். சனிக்கிழமை என்று கிழமை போட்டு, வெள்ளிக்கிழமைக்கு உரிய தேதியை எழுதியிருந்தார். புரூஃப் பார்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் துரையின் ஆபீஸ் மாடிப்படி ஏறி, அவர் மேசைக்கு முன்னால் நின்று இங்கிலீஷில் கேட்க வேண்டுமே என்று நினைத்ததும் கால் வரவில்லை. எழுதியிருந்தபடியே அடித்துக் கொடுத்தேன். பாதிப்பேர் வெள்ளிக்கிழமையும் பாதிப்பேர் சனிக்கிழமையும் ஏலத்துக்குப் போனார்கள். அந்தத் துரை அதற்குப் பிறகு நம் சந்துக்குள் வந்ததேயில்லை. படித்த படிப்பு எனக்குத் தவற்றைக் காட்டிக் கொடுத்தது. அதை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இது மறுபடி வரும்.

இனி மூக்கையா. இன்றும் அதே இடத்தில், ஜன்னல் ஓரத்து எழுத்துப் பெட்டிக்கு முன்னால் நிற்கும் நம் மூக்கையாதான். நிபோங் திபால் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் காலையில் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுப்பார்கள். பிறகு பிள்ளைகளைப் புல் பிடுங்க அனுப்பிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரப் படிப்போடுதான் அவன் இங்கே வந்தான்.

அவன் கை ஓடுகிற வேகத்தை நீங்கள் இப்போது பார்ப்பது ஒன்றுமில்லை. அன்று பார்த்திருக்க வேண்டும். தமிழ் மட்டுமில்லை, ஆங்கிலமும் கோப்பான். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துகூட வாசிக்கத் தெரியாமல் கோப்பான். அந்தந்த எழுத்தின் உருவத்தைப் பார்த்து, அதே உருவத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வைப்பான். அச்சுக்கூடத்தில் அப்படிப் பலர் உண்டு, அது அதிசயமில்லை. ஆனால் அவனைப் போலப் பிழையில்லாமல் செய்தவர்களை நான் பார்த்ததில்லை. அவனுக்குச் சம்பளம் இருபத்திரண்டு.

ஒருநாள் ஒரு கப்பல் கம்பெனியின் வேலை விளம்பரத்தைக் கோத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது வரியில் நிறுத்தி என்னைப் பார்த்தான்.

"இதுல என்னண்ணே எழுதியிருக்கு?"

"ஆள் வேணுமாம். சரக்குப் பட்டியலை ஒப்புப் பாக்கிறதுக்குக் கிராணி, குமாஸ்தா மாதிரி."

"சம்பளம் போட்டிருக்கா?"

"நாப்பத்தஞ்சு."

அவன் விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டுப் பார்த்தான். நாற்பத்தைந்து என்ற சொல்லைக் கோத்தவன் அவன்தான். கோத்தபோது அது என்ன என்று அவனுக்குத் தெரியாது.

"ஒப்புப் பாக்கிறதுன்னா, ரெண்டு தாளைப் பக்கத்துல வெச்சு ஒண்ணுபோல இருக்கான்னு பாக்கிறதுதானே? அதத்தானே நான் விடிஞ்சா எழுந்தா செய்யுறேன்."

"ஏழாம் ஸ்டாண்டர்டு சர்ட்டிபிகேட் கேட்டிருக்கான், மூக்கையா."

"அந்தத் தாள்லயா சரக்கு ஏத்தப்போறான்?" என்று சொல்லிவிட்டு அவன் மீதி வரியைக் கோக்க ஆரம்பித்தான். நானும் சிரித்துவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அவனுக்கு அப்போது ஐந்து வயதில் ஒரு பெண் பிள்ளை, பாக்கியம் என்று பெயர். அவளை ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று அவன் மனைவி பிடிவாதமாக இருந்தாள். இருபத்திரண்டு வெள்ளியில் வாடகையும் அரிசியும் போக, பள்ளிக்கூடக் கட்டணம் எங்கிருந்து வரும் என்பதுதான் அவர்கள் வீட்டில் தினமும் பேச்சு. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் கேட்ட கேள்வியை நான் வேடிக்கையாக எடுத்துக்கொண்டேன்.

அதே வாரம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் சர்ட்டிபிகேட் படிவம் எங்களுக்கு வந்தது. பையன்கள் பள்ளிக்கும் பெண்கள் பள்ளிக்கும் ஒரே படிவம். தடித்த தாள், சுற்றிலும் பூவேலைக் கரை. நடுவில் பெயர், தகப்பன் பெயர், தேறிய வகுப்பு, நடத்தை என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே புள்ளி வரிசை. அடியில் தலைமையாசிரியரின் கையெழுத்துக்கு இடம். இருநூறு பிரதி வேண்டும் என்றால் இருநூற்றுப்பத்துத் தாள் கொடுப்பார்கள். அந்தப் பத்தும் அச்சைச் சரிசெய்யும்போது பாழாவதற்கு. பாழானாலும் பாழாகாவிட்டாலும் அந்தப் பத்தையும் எண்ணித் திருப்பி வாங்க வேண்டும், முதலாளி அவற்றைத் தன் கையால் கிழிப்பார். கிழிந்து போன தாளென்றால் துண்டுகளைக் காட்ட வேண்டும். பள்ளிக்கூடத்துத் தாள் விஷயத்தில் இது கண்டிப்பான வழக்கம். எண்ணி வாங்குவது என் பொறுப்பு.

அன்று எண்ணினேன். ஒன்பது இருந்தது.

"ஒண்ணு மெஷின்ல மாட்டிக் கிழிஞ்சு போச்சுண்ணே. குப்பையில போட்டுட்டேன்" என்றான் மூக்கையா.

அவன் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. துண்டுகளைக் கொண்டு வா என்று சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னால் அவனைச் சந்தேகப்படுவதுபோல ஆகுமே என்று எனக்குக் கூச்சம். பத்து என்று சீட்டில் எழுதி முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். முதலாளி என்னை நம்பி, எண்ணாமல் கிழித்துப் போட்டார்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை. முதலாளி ஜும்மாவுக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். வேலைக்காரர்களில் பாதிப்பேரும் அவரோடு போய்விட்டார்கள். பெட்டிகளுக்கிடையில் நானும் மூக்கையாவும் இன்னும் இரண்டு பேரும்தான். அப்போது வாசலில் ஒரு ரிக்‌ஷா வந்து நின்றது. வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் இறங்கினார். அந்தக் கப்பல் கம்பெனியின் பெரிய கிராணி. யாழ்ப்பாணத்துக்காரர். அவரை எல்லோருக்கும் தெரியும், கம்பெனியின் அச்சு வேலைகள் அவர் கையெழுத்தோடுதான் வரும்.

"முதலாளி இல்லையோ?"

"தொழுகைக்குப் போயிருக்காங்க ஐயா. வர ஒரு மணி நேரம் ஆகும்."

"அப்ப நீர்தான் இங்க பொறுப்பு?"

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வேறு யாரும் இல்லை. தலையாட்டினேன்.

அவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, அதிலிருந்த தாளை என் மேசைமேல் விரித்தார். பூவேலைக் கரை. மிஷன் பள்ளிக்கூடத்தின் பெயர். பெயர் என்ற இடத்தில் புள்ளி வரிசையை எடுத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயருக்குப் போடுகிற அலங்கார எழுத்தில் மூக்கையாவின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. தகப்பன் பெயரும் அதே எழுத்தில். வகுப்பு ஏழு. நடத்தை நன்று. அடியில் தலைமையாசிரியரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் அவர் பெயரும் சாய்வெழுத்தில் அச்சாகியிருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, வழக்கம்போலப் பொடி எழுத்தில், நம் அச்சுக்கூடத்தின் பெயர்.

அவ்வளவு அழகான வேலையை நான் பார்த்ததில்லை. ஒரு எழுத்துகூட ஏறி இறங்கி நிற்கவில்லை.

"இருபத்தி மூண்டு வருஷமா வேலை மனுக்களைப் பாக்கிறன்" என்றார் அவர். "பொய்ச் சர்ட்டிபிகேட் எத்தினையோ பாத்திருக்கிறன். கையெழுத்தையும் அச்சில வைச்ச ஆளை இப்பதான் பாக்கிறன். கலியாணக் கார்ட் எண்டு நினைச்சானோ?"

என் பின்னால் எழுத்து எடுக்கும் சத்தம் நின்றுவிட்டது. மூக்கையா திரும்பாமல் நிற்கிறான் என்று பார்க்காமலே தெரிந்தது.

"நான் இதை எடுத்துக்கொண்டு நேர போலீசுக்குப் போகலாம். பள்ளிக்கூடத்துக்கும் போகலாம்" என்றார் பெரிய கிராணி. பிறகு சற்று நிறுத்தி, "அல்லது, உங்கட ஆக்கள் மாதிரிக்கு அடிச்ச தாள் ஏதும் தவறுதலா உறைக்குள்ள வந்திட்டுதோ? அதையும் கேக்க வேணும்தானே" என்றார்.

தம்பிகளே, இதைக் கவனியுங்கள். அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்டார். வேண்டுமென்றே திறந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாடிக்கைக்காரர்களுக்குக் காட்ட நாம் மாதிரித் தாள் அடிப்பது வழக்கம்தான். ஆமாம் ஐயா, மாதிரிதான் என்று சொன்னால் முடிந்தது. மூக்கையா தப்பித்தான். அச்சுக்கூடம் தப்பித்தது. ஒன்பதைப் பத்து என்று எழுதிய நானும் தப்பித்தேன். பேச வராத எனக்கு, பேசவே தேவையில்லாத ஒரு பதில்.

அந்தத் தாளைத் திரும்பப் பார்த்தேன். இந்தத் தடவை மூக்கையாவைக் காப்பாற்றியது அவனுடைய அறியாமை. பார்த்த உடனே சிரிப்பு வருகிற மாதிரி செய்திருக்கிறான். இன்று நான் மாதிரி என்று மூடி மறைத்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? பெயரைப் பேனாவால் எழுத வேண்டும், கையெழுத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்று கற்றுக்கொள்வான். உருவத்தைப் பார்த்து அப்படியே செய்வதில் அவனுக்கு இணை கிடையாது. அடுத்த தாளைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. அன்றைக்கு ஜெயில்தான்.

"மாதிரி இல்ல ஐயா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "எங்க ஆள் தனக்காக அடிச்சுக்கிட்டது. பத்துத் தாள் திரும்பி வரணும். ஒம்பதுதான் வந்துச்சு. கேக்காம பத்துன்னு எழுதினது நான். போலீசுக்குப் போறதுன்னா எங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆர் அந்த மூக்கையா?"

மூக்கையா வந்து நின்றான். கையில் எழுத்துக் கோக்கும் கட்டையை அப்படியே பிடித்திருந்தான். கீழே வைக்க மறந்துவிட்டான்.

"இந்தாரும். உம்முடைய சர்ட்டிபிகேட். வாசியும் பாப்பம்."

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். "கோக்கத் தெரியும் ஐயா. வாசிக்கத் தெரியாது."

"வாசிக்கத் தெரியாமலோ இவ்வளவையும் பிழையில்லாமச் செய்தீர்?"

"பள்ளிக்கூடத்துப் பழைய நோட்டீசுங்கள்ல எது என்னன்னு அவங்கவங்ககிட்ட கேட்டு, எழுத்தெழுத்தாப் பாத்துக் கோத்தேன் ஐயா. என் பேரை மட்டும் மனு எழுதுறவர்கிட்ட எழுதி வாங்கினேன்."

"சரி. சர்ட்டிபிகேட்டில பேரைப் பேனாவாலதான் எழுதுறது. கையெழுத்தைக் கையாலதான் வைக்கிறது. அதுகூடத் தெரியாதோ?"

மூக்கையா எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே அது அப்போதுதான் தெரிகிறது என்று புரிந்துகொண்டேன்.

"வெறும் படிவத்தத்தான் ஐயா பாத்திருக்கேன். ஆயிரம் படிவம் கோத்திருக்கேன். நெரப்பின தாளை ஒருநாளும் பாத்ததில்ல. எங்க வீட்டுப் பக்கம் யாருகிட்ட இருக்கு, கொண்டாந்து காட்ட?"

பெரிய கிராணியின் முகத்திலிருந்த ஏளனம் போய்விட்டது. தலைப்பாகையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"என்னட்டை ஒண்டு இருக்கு" என்றார். "கண்ணாடி போட்டுச் சுவரில கொழுவி இருக்கு. அது இல்லாட்டி நானும் இந்தப் பெட்டிக்கு முன்னால நிண்டிருப்பன். உம்மைப்போலக் கோக்கவும் வந்திருக்காது." எழுந்தார். "தாளை உங்களிட்டையே விட்டிட்டுப் போறன். முதலாளியிட்டைச் சொல்லும். பள்ளிக்கூடத்துக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ. திங்கட்கிழமைக்குள்ள சொல்லாட்டி நான் சொல்லுவன்."

ரிக்‌ஷா போன பிறகு மூக்கையா என்னிடம், "மாதிரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாண்ணே" என்றான். அதில் கோபம் இருந்தது.

முதலாளி வந்தார். தாளை அவர் முன்னால் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"அலங்கார எழுத்து புதுசா வந்ததாச்சே" என்றார் தாளைத் தடவிக்கொண்டே. "நிக்காஹ் பத்திரிகைக்குன்னு மெட்ராஸ்ல இருந்து வரவழைச்சேன். மொத வேலையே உனக்குத்தான் அடிச்சியா?"

மூக்கையா தரையைப் பார்த்தான். "நீங்களும் இங்கிலீஷ் வாசிக்க மாட்டீங்களே முதலாளி" என்று மெதுவாகச் சொன்னான். "இங்கிலீஷ் பிரஸ்தானே நடத்துறீங்க."

இவனை இப்போதே வெளியே தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். முதலாளி சிரித்தார். ஆனால் அது சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"ஆமா தம்பி, வாசிக்க மாட்டேன். என்னைய சர்ட்டிபிகேட் கேக்க யாரும் இல்ல. எங்க வாப்பா கடையை வெச்சிட்டுப் போனாரு. உனக்கு என்ன வெச்சிட்டுப் போனாரு உங்கப்பா? ஒண்ணுமில்லாதவனுக்குத்தான் தாள் வேணும். அது எனக்கும் தெரியும். அதுக்காக என் எழுத்தை வெச்சு நீயே அடிச்சுக்குவியா?"

பிறகு தீர்ப்புச் சொன்னார். எனக்கு அந்த வருடம் சம்பள உயர்வு கிடையாது. மறுநாளே நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். மூக்கையாவைப் பார்த்து, "உன்னைய அனுப்பிட்டா நீ வேற பிரஸ்ஸுக்குப் போயி இதையே செய்வ. இங்கேயே கெட. பீச் ஸ்திரீட் பக்கம் சாயங்காலத்துல பெரியவங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்குறாங்களாம்லா. அங்க போ. காசு நான் தரமாட்டேன். அரை மணி நேரம் முன்னாடி விடுறேன்" என்றார்.

மறுநாள் தலைமையாசிரியர் முன்னால் போய் நின்றேன். சொல்லி முடித்தேன். படிவம் ஒவ்வொன்றிலும் இனி எண் போட வேண்டும் என்றார். வேலையை எங்களிடமிருந்து எடுக்கவில்லை. ஏலத் துரையின் மாடிப்படி ஏறாமல் விட்டது அன்றுதான் எனக்கு அதிகமாக உறுத்தியது. ஏறியிருந்தால் இவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மூக்கையா அந்த வகுப்புக்கு மூன்று வருடம் போனான். சர்ட்டிபிகேட் ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் வாசிக்க வந்துவிட்டது. வந்ததும் ஒரு சங்கடம். அவன் கை வேகம் குறைந்துவிட்டது. முன்பெல்லாம் உருவத்தைப் பார்த்து எடுப்பவன், இப்போது கோக்கிறதையெல்லாம் வாசிக்க ஆரம்பித்துவிட்டான். மரண அறிவித்தல் வந்தால் கையை நிறுத்திவிட்டு, "சின்ன வயசுண்ணே, முப்பத்தி நாலுதான்" என்பான். "படிக்கப் போன்னு சொன்னேன், இப்ப இவன் பத்திரிகை படிக்கிற மாதிரி நிக்கிறான்" என்று முதலாளி புலம்பினார்.

பிறகு ஒருநாள் ஒரு கப்பல் புறப்படும் நோட்டீஸ் வந்தது. மூக்கையா பாதியில் நிறுத்தி என்னிடம் வந்தான். "அண்ணே, பொதன்கெழமைன்னு போட்டிருக்கான். இந்தத் தேதி வியாழக்கெழமைலா வருது?" நாட்காட்டியைப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. போய்க் கேட்க வேண்டும் என்று நான் எழுவதற்குள், அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துறைமுகத்துப் பக்கம் நடந்துவிட்டான். ஏஜென்டின் மேசைக்கு முன்னால் நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டு, கிழமை சரி, தேதிதான் தப்பு என்று சரியான தேதியோடு திரும்பி வந்தான். அந்த நோட்டீஸ் அப்படியே போயிருந்தால், பிறை, புக்கிட் மெர்தாஜாம் போன்ற அக்கரை ஊர்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வருகிற எத்தனையோ பேர் கப்பலைத் தவறவிட்டிருப்பார்கள். அந்த மாதம் முதலாளி அவனுக்கு ஐந்து வெள்ளி கூட்டினார். கை வேகமாக ஓடிய வருடங்களில் அவர் ஐந்து காசுகூடக் கூட்டியதில்லை.

விருந்தில் கேட்ட தம்பிக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான். கை வேகத்துக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் யாரும் காசு தரமாட்டார்கள். வாசிக்கத் தெரிந்தவனிடம் தப்பு வரும்போது கண்டுபிடிப்பான் என்று எதிர்பார்த்துத்தான் கூடக் கொடுக்கிறார்கள். அவன் கண்டுபிடித்தும் சும்மா இருந்தால், என்னைப் போல, அந்தக் காசு வீண். எட்டு வெள்ளி வித்தியாசம் உங்கள் கைக்கு அவமானமில்லை. நியாயமா என்றால், முழு நியாயமில்லை. யார் ஐந்தாம் ஸ்டாண்டர்டோடு நின்றார்கள், யார் புல் பிடுங்கப் போனார்கள் என்பது அவரவர் தீர்மானித்ததா என்ன? ஆனால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டியதில்லை. சாயங்கால வகுப்பு இன்னும் நடக்கிறது. அரை மணி நேரம் முன்னால் விடச் சொல்லிக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கையா முழுச் சர்ட்டிபிகேட்காரன் சம்பளத்தை எட்டவில்லை. அதை மறைக்க மாட்டேன். ரப்பர் விலை விழுந்து எல்லோர் சம்பளத்தையும் குறைத்த வருடங்களில் அவனுக்கும் குறைந்தது. அப்போதும் பாக்கியத்தைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தவில்லை. அவன் மனைவி பசாரில் பலகாரம் போட்டு விற்றாள்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம், ஒரு மத்தியானம், மூக்கையா செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். பிரித்தான். பூவேலைக் கரை. அதே படிவம். மூலையில் எண்.

"பாக்கியம் ஏழாவது பாஸ் பண்ணிருச்சுண்ணே. அந்தப் பள்ளிக்கூடத்துலயே சின்னப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க எடுத்துக்கிறாங்களாம். முப்பத்தஞ்சு வெள்ளி."

அவனுக்கு அப்போது சம்பளம் முப்பத்திரண்டு.

"உன்னைவிட மூணு வெள்ளி கூடவாடா" என்றார் இயந்திரக்காரர். "வீட்டுல இனி யாரு பேச்சு எடுபடும்?"

"இப்ப மட்டும் எம் பேச்சா எடுபடுது" என்றான் மூக்கையா.

பிறகு அவனே எங்களுக்கு வாசித்துக் காட்டினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் கீழே விரல் வைத்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்தி. புள்ளி வரிசைகள் அவன் கோத்தவை. அவற்றின்மேல் நீல மையில், சாய்ந்த கையெழுத்தில், தலைமையாசிரியை எழுதியிருந்தார். பெயர், பாக்கியம். தகப்பன் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தினான்.

"பேனாவாலதான் எழுதியிருக்காங்க" என்றான்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து அடுத்த வருடத்துக்கான படிவம் கேட்டு ஆள் வந்தது. இருநூறு. மூக்கையா கோத்தான். மத்தியானத்துக்குள் அடித்து முடித்தோம். திரும்பி வந்த தாள் பத்து. நான் எண்ணினேன்.